பூங்காவனம் அவிழ்த்துக் கட்டிய கொடி

வைகாசியிலிருந்து சிங்காரவேலுவின் மதில், பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தின் ஜன்னலை நோக்கித் தினமும் ஒரு சாண் நகர்ந்து வந்தது. பகலில்தான் நகரும். சத்தம் போடாது.

பூங்காவனம் தையற்காரி. அந்தக் கிழக்கு ஜன்னலடியில்தான் அவளுடைய மிஷின் இருந்தது. வெளிச்சம் போனால் ஊசியில் நூல் கோக்க முடியாது; வேறு பிழைப்பும் அவளுக்குத் தெரியாது. மதிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இரண்டு சாண் மட்டும் மிச்சமிருந்த காலையில் அவளுடைய மனு விசாரணைக்கு வந்தது. வழக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகும், அதுவரை மதில் நின்ற இடத்திலேயே நிற்க இடைக்காலத் தடை வேண்டும் என்று வக்கீல் தாமோதரன் கேட்டார். மதிலைத் தான் ஏவவில்லை என்றும், அது போவதைத் தடுக்கும் பழக்கம் தனக்கு இல்லை என்றும் சிங்காரவேலு பணிவாகச் சொன்னார்.

நீதிபதி பொறுமையானவர். பத்திரப்படி இடம் அவளுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு, நடுவில் அவள் கட்டியிருந்ததாக மனுவில் சொன்ன துணிக்கொடி என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

"மதில் வர வர அவிழ்த்து இந்தப் பக்கம் தள்ளிக் கட்டினேங்கய்யா."

"எத்தனை தடவை?"

"தினமும்தான். வர்றவங்களுக்கு வழி விடணும் இல்லீங்களா?"

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். இரண்டு மாதம் தானாகவே வழிவிட்டவர் திடீரென்று நிற்கச் சொன்னால், நடந்து பழகிய மதிலுக்குத்தான் சிரமம் அதிகம் என்றார். தடை மறுக்கப்பட்டது. வழக்கு மட்டும் நடக்கும்.

"முதல் சாணுக்கே கோவப்பட்டிருக்கணும்மா நீங்க" என்றார் தாமோதரன். மதில்மேல் கோபப்படுவதா, சிங்காரவேலுமேலா என்று அவளுக்கு விளங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் சிங்காரவேலு எழுந்து தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தார். அந்த இடம் இனி யாருடையது என்று வழிநெடுக யோசித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மதில் அன்றைய சாணை நடந்து முடித்திருந்தது. கையால் அளந்தாள். இடைவெளி இரண்டு சாண் இருந்தது. மறுபடி அளந்தாள், அதே இரண்டு சாண். மிஷின்மேல் வெளிச்சம் குறையவில்லை. ஒன்றும் புரியாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனாள்.

அங்கே அவளுடைய வீடு அடுத்த வீட்டு அந்தோணியின் பக்கம் ஒரு சாண் தள்ளி நின்றது. அந்தோணி தன் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ தள்ளினா போதுமாக்கா?"



"நாளைக்கும் வரும்ப்பா" என்றாள் பூங்காவனம். பிறகு கொடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அவன் முடிச்சுப் போடும்வரை நின்றாள்.