வாசனைப்புல்லுக்கு ஊற்றிய தண்ணீர்

பிள்ளைச்சாவடி நிலத்தில் கால் வைத்ததுமே ஹேமலதாவின் பாதத்தில் சேறு ஒட்டியது. அறுப்பு முடியும்வரை தண்ணீர் காட்டக் கூடாதென்று வீட்டில் எல்லோரிடமும் கத்தியிருந்தாள். ராஜஸ்தான் மணலில் வளர்கிற வாசனைப்புல், இங்கே நெல் நாற்று மாதிரிக் கொழுத்து நின்றது.

"யாரு மோட்டார் போட்டது?"

கணவன் கலைவாணன் பைப்பைச் சுருட்டியபடி சிரித்தான். "நான்தான். ஒரு வாரமா ஊத்துறேன். வாங்குற ஆளு வர்றப்ப காஞ்சி கெடந்தா மதிப்பானா?"

"இது என்ன உங்க கீரைக்கட்டா, தண்ணி தெளிச்சிப் பளபளன்னு காட்ட? காஞ்சாதான் இலையில எண்ணெ சேரும். எத்தினி வாட்டி சொன்னேன்!"

கலைவாணன் பெரிய மார்க்கெட்டுக்குக் கீரை போடுகிறவன். ஈரம் சொட்டாத கீரைக்கட்டை அவன் சரக்காகவே மதித்ததில்லை.

"பயிரக் காயப்போட்டுக் கொல்றோம்னு ஊரே காறித் துப்புது" என்றார் மாமனார் கோவிந்தசாமி. இன்று விற்கவில்லையென்றால் புல்லைப் பிடுங்கிவிட்டுச் சவுக்கு நடுவதாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

டவுனில் சோப்பும் அத்தரும் விற்கிற ஆரோன் வந்தார். ஒரு புல் தாளைக் கசக்கி முகர்ந்தார். இன்னொன்றையும் கசக்கினார்.

"ஏம்மா, போன தடவ நீ கொண்டாந்தது மூக்கத் தூக்கிச்சே. இது வெறும் மாட்டுத்தீனி."

"அறுத்துட்டு, அடியிலேர்ந்து துளுக்கிற மறுதழைவக் காயவிட்டுக் காட்டுறேன் சார்."

"வாசன வந்தா கூப்புடு, வரேன்." ஸ்கூட்டர் கிளம்பிப் போனது.

"அவ்வளவுதான். சவுக்குதான்" என்றார் கோவிந்தசாமி. குரலில் சந்தோஷத்தை மறைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை.

"தோத்தது நானில்ல மாமா. கெடுத்தது உங்க புள்ள."

ஹேமலதா மோட்டார் கொட்டகைக்குள் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்; அங்கே கிடந்த அரிவாளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கலைவாணனுக்குச் சிரிப்பு போய்விட்டது. "ஏய், பக்கத்துப் பாத்தியில என் கீர நிக்குதுடி! ரெண்டு நாள்ல செத்துடும்!"

"கொடத்துல மொண்டு ஊத்துங்க."

"சவுக்குக் கன்னுக்கு?" என்றார் கோவிந்தசாமி.

"அதுக்கும்தான். கைபோட்டு எங்கிட்டேர்ந்து எடுக்க முடிஞ்சா எடுங்க."

மருமகளின் இடுப்பில் எந்த மாமனார் கை வைப்பார்? அவர் மகனைப் பார்த்தார். மகன் அவள் கையிலிருந்த அரிவாளைப் பார்த்தான்.

"எப்ப தருவ?" என்றான்.

"மறுதழைவு அறுத்தப்புறம்."

அவள் குனிந்து முதல் பிடியை அறுத்தாள்.