கால்வாய்க் கரையில் கிடந்த பேச்சு

இனி வரப்போகும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். இதில் ஒரு பொய் கலந்திருந்தால், சொல்லுகிறவன் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்று சாயங்காலத்துக்குள் விழட்டும். அவற்றில் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்கிறவர் ஒருவர் இருந்தார். மைக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எப்போது கிளம்பும் என்று ஊருக்கே சொல்வார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அவர் வாயால் கேட்டால், தாமதமாக வரும் வண்டிமேல்கூட யாருக்கும் கோபம் வராது. ஆனால் எதிரே ஒரு முகம் இருந்துவிட்டால் போச்சு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் அவர் பேசுவது ‘ம்’, ‘ம்ஹும்’, ‘உப்பு’, அவ்வளவுதான்.

மனைவிக்கோ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முகம் பார்ப்பதுதான் பிழைப்பு. மூக்கு எவ்வளவு அகலம், எந்தக் காது கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது என்றெல்லாம் பார்த்து, சட்டத்தை வளைத்துப் பொருத்துவாள். அப்படிப்பட்டவளுக்கு வீட்டுக்கு வந்தால் பார்க்கக் கிடைப்பது விரித்துப் பிடித்த செய்தித்தாளின் பின்பக்கம். வருஷக்கணக்காகப் பொறுத்தாள். ஒருநாள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

“எங்க அக்கா அவ ஊர்ல சொந்தமா கடை போட்டிருக்கா. கூடமாட ஆள் வேணுமாம். திங்கக்கிழமை காலை பஸ்ஸுல கிளம்பறேன்.”

“ம்,” என்றார் மைக்காரர்.

“திரும்பி வருவியான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். “உப்பு,” என்று வந்தது.

அவள் உப்பு டப்பாவை எடுத்து அவர் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை அந்த பஸ்ஸை அறிவிக்கப்போகிறவர் தான்தான் என்பது அவருக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது.

மாடிப்படிக்கு அடியில் ஓர் இரட்டைச் சைக்கிள் நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி மிதி. முன்னால் உட்காருகிறவருக்குப் பின்னால் இருக்கிறவளின் முகம் தெரியாது. மைக் முன்னால் உட்காருகிற மாதிரிதான் என்று யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஒரு சுத்து போயிட்டு வரலாமா?” என்றார்.

“ஊரை விட்டுப் போறவளுக்கு ஊரைச் சுத்திக் காட்டறீங்களாக்கும்,” என்றாள் அவள். ஆனாலும் வந்து ஏறினாள்.

ஊருக்கு வெளியே கால்வாய்க் கரையோடு ஒரு பாதை போகிறது. மோட்டார் வைத்த எதற்கும் அங்கே இடமில்லை. அந்த நிலத்தின் தட்டையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாளை வரப்போகும் விருந்தாளியை இன்றைக்கே பார்த்துவிடலாம். பார்த்ததும் தேநீருக்குத் தண்ணீர் வைத்தால் சூடு ஆறிப்போய்விடும் என்று, அங்கே இருப்பவர்கள் ஒரு நாள் பொறுத்துத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். மேகத்தின் நிழல் எதிலும் இடறாமல் வயல்மேல் வழுக்கிக்கொண்டு போகும். மேடு என்று பார்த்தால், பாதையின் குறுக்கே தூங்கிக்கொண்டிருந்த ஒரு நத்தைதான். சத்தம் என்று பார்த்தால், அக்கரையில் ஒரு மாடு அசைபோடுவது.

மதகருகே ஒரு சின்ன வீடு. மதகைத் திறந்து மூடும் கிழவி வாசலுக்கு வந்து சைக்கிளை நிறுத்தினாள்.

“தம்பி, இந்தப் பாதையில பேசிக்கிட்டுப் போறதா இருந்தா, பேசினதைக் கையோட எடுத்துட்டுப் போயிடணும். சொல்லிட்டேன்.”

மைக்காரர் விழித்தார். முகம் எதிரே இருந்ததால் வாய் திறக்கவில்லை. மனைவிதான் கேட்டாள். “என்ன பாட்டி சொல்றீங்க?”

“வண்டி வாசி இருந்தாத்தானேம்மா ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தைத் தள்ளும்? குன்று, சுவரு ஏதாவது இருந்தாத்தானே முட்டிக்கிட்டுத் திரும்பும்? இங்க சொன்னது சொன்ன இடத்துலயே கிடக்கும். போன வருஷம் அண்ணன் தம்பி ரெண்டு பேரு என் ஜன்னல்கிட்ட வரப்புச் சண்டை போட்டுட்டுப் போனாங்க. இன்னும் அங்கதான் கிடக்கு. திரை போட்டு வச்சிருக்கேன்.”

“கலைச்சுவிடக் கூடாதா?”

“சைக்கிள் மணியை அடிச்சாப் போதும், கலைஞ்சிடும். ஆனா கடைசியில சமாதானமாப் போறாங்கம்மா. அதையும் சேத்துக் கலைக்க மனசு வரலை.”

இருவரும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். மதகைத் தாண்டியதும் மனைவியின் செருப்புக்குள் ஒரு கல் புகுந்தது. “கொஞ்சம் நிறுத்துங்க,” என்றாள். மைக்காரர் அப்போதுதான் தொண்டையைச் செருமினார். செருமலில் அது கேட்கவில்லை. அவள் காலை ஊன்றி நழுவி இறங்கிக்கொண்டாள். ஒரு ஆள் குறைந்தது தெரியாதா என்று கேட்டால், தெரியாது. அவள் அதுவரை ஒரு மிதிகூட மிதித்திருக்கவில்லை.

அவர் பேச ஆரம்பித்தார். எதிரே முகமில்லை, வானமும் தண்ணீரும்தான். நாக்கு தானாகக் கழன்றுகொண்டது. முதலில் வந்தது மனக்குறை. வழியில் முதல் மரத்தருகே, “உங்க அக்கா வாய் இருக்கே, அது எங்கயுமே நிக்காத வண்டி. உன்னைக் கெடுத்ததே அவதான்,” என்றார். இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தார். வெயில் இளம்சூடாக முதுகில் விழுந்தது. பாதை நகர்கிறதா, தான் நகர்கிறோமா என்பதே மறந்துபோனது. இரண்டாவது மரத்தருகே, அவரே எதிர்பார்க்காதது வந்தது.

“தினமும் சாயங்காலம் நீ தெருமுனை திரும்பற வரைக்கும் ஜன்னல்லதான் நிப்பேன். நீ படியேறினதும் ஓடிப்போய் நாற்காலியில உக்காந்து பேப்பரை விரிச்சுக்குவேன். ஊருக்கெல்லாம் பஸ் வந்தாச்சுன்னு சொல்றேன். நீ வந்துட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கறதுக்குத்தான் அந்த ஜன்னல். உனக்கு என்னைத் தெரியாதும்மா. என் தப்புதான்.”

மூன்றாவது மரம் வந்தது. “போகாதே,” என்றார். “இருக்கியா?”

திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் ஒரு தட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது.

நிலம் தட்டை என்பதால் அவளைத் தேட வேண்டியிருக்கவில்லை. தொலைவில், பாதைமேல், கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட மணியில் விரல் வைத்தார். கிழவி சொன்னது ஞாபகம் வந்து, நெருப்பைத் தொட்டதுபோல விரலை எடுத்தார். மணி அடித்தால் எல்லாம் கலைந்துபோகும். இன்னொரு முறை சொல்ல இந்த ஜன்மத்தில் வாய் வராது. கைக்குட்டையால் மணியை இறுகக் கட்டினார். சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, மூச்சைக்கூட மூக்கின் ஓரமாக விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவள் முதலில் வந்து சேரப்போவது முதல் மரத்துக்கு. அங்கே கிடப்பது அவளுடைய அக்கா.

நகமளவு உருவம் முதல் மரத்தருகே வந்து நின்றது. இடுப்பில் கை வைத்தது இங்கிருந்தே தெரிந்தது. திரும்பி மதகின் பக்கம் நடக்க ஆரம்பித்தது. மைக்காரர் எழுந்தார்; எழுந்து என்ன செய்ய? ஓடினால் சத்தம், கத்தினால் அதைவிடச் சத்தம். வாழ்நாள் முழுக்கப் பேசாமலே இருந்தவருக்கு, பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

சற்றுத் தூரம் போனவள் நின்றாள். அண்ணன் தம்பி சண்டையைக் கலைக்காமல் திரை போட்டு வைத்திருக்கும் கிழவியை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கடைசியில் என்னதான் கிடக்கிறது பார்க்கலாம் என்பதுபோலத் திரும்பி வந்தாள். இரண்டாவது மரத்தருகே நின்றாள். அக்கரை மாடு ஒரு வாய் புல்லை அசைபோட்டு முடித்து, அடுத்ததையும் முடித்தது. அவள் இரண்டடி பின்னால் போனாள், மறுபடி முன்னால் வந்தாள். ஒரே இடத்தை இரண்டாம் முறை கேட்கிறாள் என்று புரிந்ததும் மைக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

கையை எடுத்தபோது அவள் எதிரே நின்றாள். மூன்றாவது மரத்தடியில் கிடந்ததையும் கேட்டாகிவிட்டது போலிருந்தது.

“நீங்க விரிச்சுக்கறது முந்தாநேத்துப் பேப்பருங்க,” என்றாள். “தினமும் முந்தாநேத்துப் பேப்பர்தான். இன்னிக்குப் பேப்பர் கதவுக்கு வெளியவே கிடக்கும். நான்தான் எடுத்துட்டு வருவேன்.”

“ம்,” என்றார் மைக்காரர்.

“எங்க அக்கா நிக்காத வண்டியா? போய் அதைக் கலைச்சுட்டு வாங்க. அதை மட்டும். மத்ததுமேல கை வச்சீங்க, பாத்துக்கங்க.”

அவர் கைக்குட்டையை அவிழ்த்தார். மற்றது கலையாமல் இருக்க மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு முதல் மரம்வரை போனார். அக்காவின் வாய்மேல் ஒரே ஒரு முறை, மெல்ல அடித்தார். திரும்பி வந்தபோது அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வீடு வரும்வரை அவளேதான் மிதித்தாள். அவர் பின்னால் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸை வழக்கமான குரலில்தான் அறிவித்தார். ஜன்னலோர இருக்கை ஒன்று காலியாகவே போனது. அன்று சாயங்காலம் அவள் தெருமுனை திரும்பினாள், படியேறினாள், கதவைத் திறந்தாள். அவர் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சைக்கிள் இன்றும் அவர்கள் மாடிப்படிக்கு அடியில்தான் நிற்கிறது. அதற்கு ஒரே ஒரு சீட்டு. சொல்லுகிறவன் வாயில் இப்போது மூன்றே பல் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.