கோட்டுக் கையில் ஒட்டிய லேபிள்

காலையிலிருந்து நின்று நின்று மேடத்துக்குக் கால் மரத்துவிட்டது. மருந்தியல் படிப்பில் செய்முறைத் தேர்வு என்றால், செய்கிறவர்களைவிடப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குத்தான் உயிர் போகும். மேசைக்கு மேசை ஒரு மருந்துச்சீட்டு. அதன்படி கணக்குப் போட்டு, தூளை நிறுத்து, தண்ணீரில் கலந்து, புட்டியில் ஊற்றி, லேபிள் ஒட்டி வைக்க வேண்டும். லேபிள் இல்லாத புட்டிக்கு சைபர். அளவு தப்பினால் மொத்தத் தேர்வுக்குமே சைபர். இதில் கறாராக இருந்து இருந்து, மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயரே ‘சைபர் மேடம்’ என்றாகிவிட்டது. வைத்துவிட்டுப் போகட்டும், சண்டை போட இங்கே யாருக்குத் தெம்பிருக்கிறது?

கடைசி மேசைப் பெண் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இது மூன்றாவது. இதிலும் போனால் படிப்பே போச்சு, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளுடைய அம்மா காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

மேடம் அந்தப் பக்கமாகப் போனபோது அவளுடைய கணக்குத்தாளை ஓரக்கண்ணால் பார்த்தார். குழந்தைக்கான மருந்து. ஒரு நாள் அளவை இரண்டு வேளைக்குப் பிரிக்க வேண்டும், பிரித்திருந்தாள். தராசில் எடையும் சரி. புட்டியும் தயார். அப்பாடா என்றிருந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது, லேபிள் அவள் கோட்டுக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. புட்டியைத் துடைக்கக் கை வேண்டுமென்று பிள்ளைகள் எல்லோரும் அதை அங்கேதான் ஒட்டிவைப்பார்கள். இவள் துடைத்து முடித்தும் எடுக்கவில்லை.

தேர்வாளர் வாய் திறக்கக் கூடாது. அந்த மூலையில் வெளிக் கல்லூரித் தேர்வாளர் வேறு உட்கார்ந்திருக்கிறார். பாழாய்ப் போன மனசு கேட்டால்தானே! மேடம் லேசாக இருமினார். பெண் நிமிர்ந்தாள். மேடம் அவளுடைய கோட்டுக் கையையே பார்த்தார்.

பெண்ணோ கைக்குப் பக்கத்திலிருந்த தராசைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. மறு நிமிடம் புட்டியிலிருந்த மருந்து முழுவதும் தொட்டியில் போயிற்று.

அடிப் பாவி! பெண் மறுபடி கணக்குப் போட்டாள். இந்தத் தடவை இரண்டாகப் பிரிக்கவில்லை. மேடம் மறுபடி இருமினார், இன்னும் கொஞ்சம் பலமாக.

"தண்ணி குடிங்க மேடம், காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றார் வெளித்தேர்வாளர், அக்கறையாகத்தான்.

மணி அடிக்கப் போகும் நேரத்தில் பெண் தன்பாட்டில் கோட்டுக் கையைத் தடவி, லேபிளை உரித்து, புட்டியில் நேராக ஒட்டினாள். யாரும் இருமாமல் இருந்திருந்தாலும் ஒட்டியிருப்பாள்.

"ரெண்டு மடங்கு" என்றார் வெளித்தேர்வாளர், தாளைப் பார்த்துவிட்டு. "கொழந்தை தாங்குமா? சைபர் போடுங்க."

"சார், மொதல்ல சரியாத்தான் கலந்தா."

"புட்டியில என்ன இருக்கோ அதுக்குத்தானே மேடம் மார்க்?"

வருஷக்கணக்காக மேடம் மற்றவர்களிடம் சொல்லிவந்ததும் இதைத்தான். நான் இருமினதால்தான் கொட்டினாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தன் வேலைக்கே உலை. விழுங்கிக்கொண்டு சைபர் போட்டார். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்தபோது அந்தப் பெண் ஓடிவந்தாள்.

"அம்மா, இவங்கதான்! இவங்க மட்டும் இருமலேன்னா தப்பு மருந்தையே வெச்சிருப்பேன்."

அம்மாக்காரி மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "என் வயித்துல பால வாத்தீங்கம்மா. நீங்க நல்லா இருக்கணும்."

மேடத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"இல்லம்மா. உங்க பொண்ணு மொதல்ல கலந்ததுதான் சரி. அதைக் கொட்ட வெச்சது நான்தான். இப்ப அவ தேறல."

அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிரித்த முகத்தோடு, பிடித்த கையை விடாமல் நின்றாள். பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் விரல்களை மேடத்தின் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.