எதிர்க்கரைக் கோட்டையின் நாற்காலி

மொந்தோர்க் கோட்டைக்காரர் என்னைப் பற்றிக் கடைசியாக வாய் திறந்தது மே மாதம் இருபத்தாறாம் தேதி. அன்று மதியம் இரண்டு டச்சுக்காரப் பெண்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்கள்.

"எதிர்க் கோட்டை கைடு உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. உங்க சுவரு இவ்வளவு கனமா கட்டினது எதிரிக்குப் பயந்து இல்லையாம். உள்ள இருக்கறவங்க கத்தறது வெளிய கேக்கக் கூடாதுன்னுதானாம்."

நான் சும்மா விடுவேனா? "அவங்க சுவரு ஏன் மெல்லிசுன்னு நீங்க கேக்கலையா? சண்டைன்னு வந்தா ஓடறதுக்கு வசதி," என்றேன். நாளை மறுபடி அந்தக் கரைக்குத்தான் போவதாகச் சொன்னார்கள். மறக்காமல் சொல்லச் சொல்லி, மரப்படியில் வழுக்காமல் இறங்கும் இடத்தையும் காட்டி அனுப்பினேன்.

இது பதினோரு வருஷச் சண்டை. நடுவில் தோர்தோஞ் ஆறு. வடகரைப் பாறைமேல் எங்கள் ரோஷ்பெல், தென்கரைப் பாறைமேல் மொந்தோர். நூறாண்டுப் போரில் நாங்கள் பிரான்ஸ் ராஜா பக்கம், அவர்கள் இங்கிலீஷ் ராஜா பக்கம். ராஜாக்கள் எப்போதோ ராசியாகிவிட்டார்கள். நாங்கள் ஆகவில்லை. இங்கே வருகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவள் நான், ஹெர்மீன். அங்கே அதே வேலை பார்க்கிறவர் பெயர் ஃபிர்மேன்.

நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. பாலம் ஆறு கிலோமீட்டர் மேலே இருக்கிறது. ஈஸ்டரிலிருந்து நவம்பர் கல்லறைத் திருநாள்வரை இருவருக்கும் ஓய்வு கிடையாது. குளிர்காலத்தில் நான் தூலூஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். அதற்கும் மேலே, இங்கிலீஷ்காரன் கோட்டையில் கால் வைக்க மாட்டேன் என்று எனக்கு ஒரு வீம்பு. தினமும் காலையில் கொடியேற்றக் கோபுரத்துக்குப் போகும்போது எதிர்க் கோபுரத்தில் ஒரு பழுப்புத் தொப்பி தெரியும். என் சிவப்புக் கழுத்துத்துணி அவருக்குத் தெரிந்திருக்கும். நான் கையசைத்ததில்லை. ஆனால் அந்தத் தொப்பி வரும்வரை கொடியை ஏற்றியதும் இல்லை.

மற்றதெல்லாம் பார்வையாளர்கள் வழியாகத்தான். காலையில் அங்கே பார்த்துவிட்டு மதியம் இங்கே வருவார்கள், இல்லாவிட்டால் இங்கிருந்து அங்கே போவார்கள். ஒரு ஜப்பான்காரர் ஃபிர்மேன் சொன்ன வசவை நோட்டில் எழுதிவந்து, தலைகுனிந்து வணங்கிவிட்டு, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். அந்த நாற்காலி விஷயம்தான் சுடும். எங்கள் பெரிய கூடத்தில் சிங்கத் தலை செதுக்கிய ஓக் நாற்காலி ஒன்று சிவப்புக் கயிற்றுக்குள் இருக்கிறது. ஐந்நூறு வருஷத்து நாற்காலி, நாலு பிரபுக்கள் உட்கார்ந்தது என்று நான் சொல்வேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் போர்தோ பழைய சாமான் சந்தையில் வாங்கினது என்று அவர் சொல்வார். அவர் சொல்வதுதான் உண்மை. எப்படி மோப்பம் பிடித்தாரோ தெரியாது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குக் காவலும் இருக்க வேண்டுமே? அதனால் அந்த நாற்காலியை ஒருவரையும் தொட விட மாட்டேன்.

டச்சுப் பெண்கள் வந்துபோன மறுநாள், கூட்டத்தின் கடைசியில் வந்த ஒரு பருமனான மனுஷர் கயிற்றைத் தாண்டி அதில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, உங்க வீட்டு அடுப்படி நாற்காலின்னு நெனப்பா? எந்திரிங்க," என்று இருபத்தைந்து பேர் முன்னால் கத்தினேன்.

"மன்னிச்சுக்கங்க. முட்டி வலி. வந்து, நான்..."

"மூணு மாடி ஏறறப்ப வராத வலி பிரபு நாற்காலியப் பாத்ததும் வந்துடுச்சாக்கும்? வாசல் அந்தப் பக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அன்று மாலை, டிக்கெட் கொடுக்கும் லுசேத், ஜன்னல் திண்டில் யாரோ விட்டுப்போன நீலக் கட்டம் போட்ட பை ஒன்றைக் கண்டெடுத்தாள். உள்ளே வால்நட். தொலைந்த சாமான் அலமாரியில் குடைகளுக்கு நடுவே வைத்தோம்.

அத்தோடு எதிர்க் கரையின் பேச்சு நின்றது. ஜலதோஷமாக இருக்கும் என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாம் வாரம் வருகிறவர்களை நானே பிடித்துக் கேட்க ஆரம்பித்தேன்.

"மொந்தோர்ல எங்களப் பத்தி என்ன சொன்னாரு?"

"நல்ல கோட்டை, போய்ப் பாருங்கன்னாரு."

"நல்ல கோட்டையா? வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்களே."

மூன்று நல்ல வசவுகளைச் சொல்லி அனுப்பினேன். அதில் ஒன்றை இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்திருந்தேன். கிணற்றில் போட்ட கல்தான். காலையில் தொப்பி வந்தது, கொடியை ஏற்றியது, இந்தப் பக்கம் திரும்பாமல் இறங்கிப் போனது.

செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போய்வந்த லுசேத் சேதி கொண்டுவந்தாள். "ஹெர்மீன் அக்கா, தெரியுமா? எதிர்க் கோட்டைக்காரர் வர்ற ஞாயித்துக்கெழமையோட நின்னுக்கறாராம். போர்தோவுல மக வீட்டுக்கே போயிடறாராம்."

"போகட்டுமே. எனக்கென்னடி? கெட்டும் பட்டணம் சேர்னு சொல்லியிருக்கு."

"அப்ப ஏன்க்கா டிக்கெட்டத் தலைகீழாக் கிழிக்கறீங்க?"

எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. என் வீட்டுக்காரர் போய்ப் பதினாலு வருஷமாகிறது. அதற்குப் பிறகு தினமும் என்னிடம் பேசியவர் என்றால் அந்த மனுஷர் ஒருவர்தான், அதுவும் அடுத்தவர் வாயால். அவர் போய்விட்டால் அந்தப் பாறைமேல் வெறும் கல்தான் மிஞ்சும். அதைப் பார்த்துக்கொண்டு நான் யாரிடம் சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை லுசேத்திடம் கூட்டத்தை ஒப்படைத்தேன். சிவப்புத் துணியை ஆணியில் மாட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துப் பாலத்தைச் சுற்றி மொந்தோருக்குப் போனேன். எல்லோரையும் போல வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினேன். 'வாயைத் திறக்காதே, ஹெர்மீன்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை ஆளைப் பார்த்துவிட்டு, எப்படியாவது தனியாகப் பிடித்து, போக வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பழுப்புத் தொப்பியோடு அவர் வெளியே வந்தார். ஒரு கையால் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

நான் நாற்காலியிலிருந்து விரட்டிய அதே பருமனான மனுஷர். சட்டென்று ஓர் உயரமான ஜெர்மன்காரர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் நன்றாகத்தான் சொன்னார், ஆனால் உப்பில்லாமல் சொன்னார். அகழி, சமையற்கூடம், அம்பு எய்யும் துளை என்று வரிசையாகக் காட்டிவிட்டுப் பெரிய கூடத்துக்குக் கூட்டிப் போனார். கணப்புக்குப் பக்கத்தில் கயிறு கட்டி ஒரு கறுத்த நாற்காலி. சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. கைப்பிடிகள் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. பார்த்தவுடன் தெரிந்தது, இதுதான் நிஜமான ஐந்நூறு வருஷம். அவர் ஜன்னலைக் காட்டினார்.

"எதிர்ல தெரியறது ரோஷ்பெல். நல்ல கோட்டை. நேரம் இருந்தா பாருங்க."

"அவ்வளவுதானா?" என்றது ஒரு குரல். என் குரல்தான். ஜெர்மன்காரர் நகர்ந்துகொண்டார்.

"அவ்வளவுதாங்க," என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"சுவரு ஏன் கனம்னு சொல்லலை. அங்க இருக்கறவங்க கத்தறதப் பத்திச் சொல்லலை. காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "சொல்லப் பயமா இருக்கும்மா. அந்தக் கோட்டையில ஒரு அம்மா இருக்காங்க. முட்டி வலின்னு உக்காந்தாக்கூட வெரட்டிடுவாங்க."

"அவங்களுக்கு ஆள் அடையாளம் தெரிஞ்சிருக்காது."

"பேரச் சொல்லிக்கலாம்னுதான் ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போனேன். பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது நேர்ல பாத்துடலாம்னு. எங்க மரத்து வால்நட்டு ஒரு பை எடுத்துட்டுப் போனேன். பேரச் சொல்றதுக்குள்ள வாசலக் காட்டிட்டாங்க."

நீலக் கட்டம் போட்ட பை. எனக்குக் காது சுட்டது.

முன்வரிசையில் ஒரு அம்மாள் கேட்டாள்: "எதுல உக்காந்தீங்க, அந்தச் சிங்க நாற்காலியிலயா? நேத்து பாத்தோம். நெசமாவே ஐந்நூறு வருஷமா?"

பதினோரு வருஷமாக ஊரெல்லாம் சொன்ன பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. "அத அந்தம்மாவத்தாங்க கேக்கணும்," என்றார்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"அது போர்தோ பழைய சாமான் சந்தையில வாங்கினது," என்றேன். "எங்க மாமாதான் வேன்லேருந்து எறக்கினாரு. பிரபு யாரும் உக்காரலை. எங்க மேயர் ஒருத்தர் உக்காந்தாரு, அதுவும் போட்டோவுக்கு. இவர் சொன்னதுதான் நெசம், நான் சொன்னது பொய். அந்த ஓட்ட நாற்காலிக்காக இவர எந்திரிக்க வெச்சேன். தப்புதான்."

அவர் மெல்ல நடந்து போய்க் கணப்புப் பக்கத்துக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினார்.

"உக்காருங்க."

"வேண்டாம்."

"பாலத்தச் சுத்தி வந்திருக்கீங்க. உக்காருங்க, ஹெர்மீன்."

உட்கார்ந்தேன். ஜெர்மன்காரர்தான் முதலில் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்காக வாய் சும்மா இருக்குமா?

"எங்க நாற்காலியே தேவலை," என்றேன். "இது முதுகக் குத்துது."

அவர் சிரித்தார். வயிறு குலுங்க, முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கோட்டை மூடியபின் அவர் வீட்டில் பூண்டு சூப் கொடுத்தார். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். நானும் குடித்தேன். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கரையும் ஒன்றுதான். அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது. போர்தோவைப் பற்றி அவர் பேசவில்லை. உலகத்தையே கேள்வி கேட்கிற நானும் கேட்கவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

திங்கட்கிழமை காலை சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு சீக்கிரமே கோபுரத்தில் ஏறினேன். எதிரே தொப்பி இல்லை. ஒன்பது மணி ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. மொந்தோரில் கொடியும் ஏறவில்லை. எங்கள் கொடியை ஏனோதானோவென்று ஏற்றிவிட்டு இறங்கினேன். அலமாரியிலிருந்து அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்குப் பெல்ஜியம்காரத் தம்பதி ஒன்று படியேறி வந்தது. அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"நீங்கதான் ஹெர்மீன் மேடமா? எதிர்க் கோட்டைக்காரர் ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

"என்னவாம்?" என்றேன்.

"ஐந்நூறு வருஷமா ஆடாம நின்ன நாற்காலி, நேத்து நீங்க உக்காந்ததுலேருந்து ஆடுதாம். காலையிலேருந்து அதத்தான் தட்டிக்கிட்டிருக்காரு, கொடியேத்தக்கூட நேரமில்லையாம். ஞாயித்துக்கெழமை வந்து நீங்களேதான் சரி பண்ணணுமாம். அது சரியாகற வரைக்கும் போர்தோவுக்கெல்லாம் போக முடியாதுன்னு மககிட்ட சொல்லிட்டாராம்."

பையிலிருந்து ஒரு வால்நட்டை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்து ஒரே குத்தில் உடைத்தேன். பருப்பு அருமையாக இருந்தது.

"நீங்க அந்தப் பக்கமா திரும்பிப் போறீங்களா?" என்றேன்.

"இல்லீங்க, நாங்க வடக்க போறோம்."

"அதே வழிதான்," என்று கூசாமல் புளுகினேன். "போறப்ப அவர்கிட்டச் சொல்லுங்க. ஆடறது இங்கிலீஷ்காரத் தச்சன் செஞ்ச கோளாறு, எம்மேல பழி போட வேண்டாம். ஞாயித்துக்கெழமை சுத்தியலோட வரேன். ஒரு நாள்ல முடியற வேலையாத் தெரியலைன்னும் சொல்லுங்க."