உப்பு நீலம்

எங்கள் ஊர் வயல்களுக்குத் தண்ணீர் தேவையில்லை என்று நான் போட்ட படமே சொன்னது. நுகுஸ் நகருக்கு வடக்கே, கால்வாயின் கடைசி ஊர். ஜூலை மாதம், பருத்தி பூத்திருந்தது. இந்த முறைத் தண்ணீர் தவறினால் பூவெல்லாம் கொட்டிவிடும். அப்பாவுக்கு இந்த வருஷம் அவ்வளவுதான்.

பாசன அலுவலகத்தில், செயற்கைக்கோள் அளக்கும் தரைச் சூட்டைப் படத்தில் வண்ணமாக்குவது என் வேலை. சூடான நிலம் சிவப்பு: காய்ந்தது. குளிர்ந்த நிலம் நீலம்: ஈரமானது. சிவப்புக்குத்தான் மதகு திறக்கும். விதி என் மேலதிகாரி கல்லிபெக் எழுதியது; அண்ணன் என்ற மரியாதையில் அவரை அகா என்போம். எங்கள் ஊர் முழுக்க நீலம்.

பொய் நீலம். குளிர்காலத்தில் நிலத்து உப்பைக் கழுவ இந்த முறை எங்களுக்குத் தண்ணீர் விடவில்லை. அடியில் கிடந்த உப்பு மேலேறி வெள்ளையாய்ப் பூத்துவிட்டது. வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், சூடேறாது. கோடை முழுக்க வெள்ளைச் சட்டை போடுகிற அகாவுக்கு இது தெரியாதா என்ன?

அவர் பால் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "உங்கப்பன் வயலுன்னதும் குதிக்கிற."

"ஆமா, எங்கப்பா வயல்தான். அத மறைச்சிட்டு மிச்சத்தப் பாருங்க. ஈரம் இருந்தா பச்சை எங்க, அகா?"

செடி மெலிந்து கிடப்பதற்குப் பூச்சி காரணமாக இருக்கும் என்றார். நான் இரவுப் படத்தைத் திறந்தேன். ஈரமண் பகல் சூட்டை விடியும்வரை விடாது. எங்கள் வயல்களோ இரவில் பக்கத்து ஊர் வயல்களைவிடச் சில்லிட்டுக் கிடந்தன. வறண்ட மண்தான் அப்படி ஆறிப்போகும். பூச்சி கடித்து மண் ஆறாது என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்க வம்சத்துலயே மொத மொத பட்டம் வாங்கினவ நீ. அதுக்குள்ள எனக்கே பாடம் நடத்துறியா, பீபிநாஸ்?"

"மொத ஆளுங்கறதாலதான் படத்தையும் பாக்குறேன், வயலையும் பாக்குறேன். நீங்க வயலப் பாத்து எத்தன வருஷமாச்சு? வண்டிய எடுங்க."

கோபத்தில்தான் எடுத்தார்.

வயலில் இறங்கியதும் அவர் கை தானாகக் கீழே போனது. எங்கள் பக்கத்தில் மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்காமல் யாரும் நிலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தார். காறித் துப்பினார். வாடிய பருத்திப் பூவொன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மதகுக்காரருக்குப் போன் போட்டு, கடைசி ஊருக்குத் திறக்கச் சொன்னார்.

வண்டியில் முணுமுணுத்தார்: "இத அங்கயே சொல்லியிருக்கலாமே. நாக்குல வச்சுப் பாருங்கன்னு."

"எல்லா ஊருக்கும் போய் நாக்க நீட்டுவீங்களா? அதுக்குத்தான், அகா, ராத்திரிப் படம்."

சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலையே விதியை மாற்றி எழுதினேன். பகலில் குளிர்ச்சி, பச்சை குறைவு, இரவில் அதிகச் சில்லிப்பு என்றால் அது ஈரமல்ல, உப்பு. அதற்குத் தனி நிறம் வெள்ளை; வெள்ளைக்கும் மதகு திறக்கும். அகா வாசித்தார், ஒரு சொல்லையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அம்மா வாய்க்கால் கரையிலிருந்து போன் செய்தாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்க விட்டாள்.

படத்தில் இன்னும் மூன்று ஊர்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அடுத்த மதகுக்கான கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.