சரத் ஊதி வைத்த படுக்கை

துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டுமே என்று அனுபமா சரத்தின் அறையை ஒழித்துக்கொண்டிருந்தாள். நல்ல மனசோடு செய்த வேலைதான். அவள் சரத்தின் அப்பா சிவஞானத்தின் தங்கை மகள். செய்தி கேட்ட அன்றே குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு சிகந்தராபாத் சைனிக்புரிக்கு ஓடி வந்தவள். அன்றிலிருந்து அந்த வீட்டின் அடுப்பும் துடைப்பமும் அவள் கையில்தான் இருந்தன. அறையின் தரையை அடைத்துக்கொண்டு நீலநிறத்தில் ஒரு காற்றுப் படுக்கை கிடந்தது. காற்றைப் பிடுங்கிச் சுருட்டினால் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். குனிந்து, மூலையிலிருந்த மூடியில் கை வைத்தாள்.

"அதத் தொடாத அனு."

கூடத்தில் இருந்தவர்களின் பேச்சு நின்றுவிட்டது. மகனின் உடலைக் கொண்டுவந்து இறக்கியபோதுகூட சகுந்தலா அப்படிக் கத்தவில்லை. இப்போது வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல அத்தை, சுருட்டி வெக்கலாம்னுதான். வேணும்னா அப்புறம் நானே ஊதித் தரேன்."

"நீ ஊதினா அது உன் மூச்சு."

அனுபமாவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். பிறகு தன் துப்பட்டாவை எடுத்து அந்தப் படுக்கையின் மேல் விரித்து, யாரும் தெரியாமல் மிதித்துவிடாதபடி நாற்காலி ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டு வெளியே வந்தாள். வந்தவர்கள் கூடத்திலேயே நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

எல்லாம் சகுந்தலாவின் ஆசையிலிருந்து தொடங்கியது. இமயமலையில் துங்கநாதர் கோயில் இருக்கிறதே, அங்கே ஏறி சிவனைப் பார்க்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிவஞானம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதுகுத் தண்டில் தேய்மானம், மலை ஏற முடியாது. மாதாப்பூரில் வேலை பார்த்த சரத்துக்கு ஆபீஸ் சிநேகிதர்களோடு மலை ஏறுவதென்றால் உயிர். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவன் சொன்னான். ராத்திரி மலையடிவாரத்தில் கூடாரத்தில்தான் தங்க வேண்டும், சம்மதமா என்று கேட்டான்.

"ரெண்டு கம்பளி எடுத்துக்கறேன். போதாதா?"

"நக்கோ மா, அது வேணாம். குளிர் மேலேர்ந்து வராது, தரையிலேர்ந்து ஏறும். கம்பளிய கீழ போட்டா உன் வெயிட்ல நசுங்கிப் போயிடும். கீழ விரிக்க ஸ்லீப்பிங் பேட் வேணும்."

சிகந்தராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவன் வாயில் தமிழ் பாதி, ஊர்ப்பேச்சு பாதி. சட்டைக்கும் செருப்புக்கும் என்ன செய்வானோ அதையே இதற்கும் செய்தான்: ஆன்லைனில் மூன்றை வரவழைத்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவது அவன் வழக்கம். தானாகவே காற்றை இழுத்துக்கொள்ளும் ஒன்று, தூக்கினாலே கை வலித்தது. அது உடனே திரும்பிப் போயிற்று. மிஞ்சியவை இரண்டு. விசிறி மடிப்பாக மடியும் மஞ்சள் ஸ்பாஞ்ச் ஒன்று. வாயால் ஊதிப் பெரிதாக்கும் நீலம் ஒன்று.

கடையில் படுத்துப் பார்ப்பது போல ஒரு நிமிஷம் படுத்தால் தெரியாது, அரை மணி நேரமாவது படுக்க வேண்டும் என்று அவன் சட்டம் போட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மார்பிள் தரையில் விரித்து அம்மாவைப் படுக்க வைத்தான். சகுந்தலா எப்போதும் ஒருக்களித்துத்தான் படுப்பாள். ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு இடுப்பு எலும்புதான் முதலில் தரையைத் தொடுமாம். அதனால் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் இடுப்புக்கும் படுக்கைக்கும் கீழே கையை நுழைத்துப் பார்த்தான். மஞ்சளில் அவன் கை நசுங்கியது. நீலத்தில் தாராளமாகப் போய் வந்தது.

"எது மா?"

"மஞ்சள்தான். நீலம் திரும்பிப் படுத்தா அப்பளம் நொறுங்கற மாதிரி சத்தம் போடுது. நீலத்த அனுப்பிடு."

அது பொய். சரத்துக்குச் சின்ன வயதில் இளைப்பு. ஒவ்வொரு வருஷமும் மிருகசீரிடத்தன்று நாம்பள்ளி மைதானத்துக் கூட்டத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு போய், இளைப்புக்குக் கொடுக்கிற மீன் மருந்தை விழுங்க வைத்துக் கூட்டி வந்தவள் அவள். அவன் நீலப் படுக்கையை ஊதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கழுத்து நரம்பு புடைக்க, நடுவில் நிறுத்தி நிறுத்தி ஊதினான். பம்பு தனியாக வாங்க வேண்டுமாம், வாயால் ஊதினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்று போட்டிருக்கிறது, பரவாயில்லை என்றான். இங்கேயே இப்படி இளைக்கிறவன் காற்றே இல்லாத மலையில் தினமும் எப்படி ஊதுவான்?

"போதும்டா. மூச்ச மிச்சம் வெச்சுக்க," என்று அப்போதே சொன்னாள்.

"பயப்படாத மா. இதுல உள்ள ஒரு நாக்கு இருக்கு. ஊதினா உள்ள போகும், வெளிய வராது. இந்தப் பெரிய மூடிய திறந்தாதான் போகும்."

அந்த வாரமே ஒரு காலையில், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னான்: "ஒண்ண ரிட்டர்ன் போட்டிருக்கேன் மா. வருவாங்க, குடுத்துடு." எது என்று அவள் கேட்கவில்லை. கேட்பானேன்? நீலத்தை அனுப்பு என்று அவள்தானே சொல்லியிருந்தாள். சாயங்காலம் மழை பெய்தது. பாலத்து இறக்கத்தில் ஒரு லாரி. அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

கல்யாணமாகாத பிள்ளைக்கு அப்பாதான் கொள்ளி வைக்க வேண்டும். கொள்ளி வைத்தவர் கருமாதி முடியும் வரை மெத்தையில் படுக்கக் கூடாது, தலையணை கூடாது. சிவஞானம் கூடத்துச் சுவரோரம் வெறும் பாயில் படுத்தார். அவருடைய முதுகுக்கு அது சித்திரவதை என்று எல்லோருக்கும் தெரியும். புரளும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். பிள்ளைக்குச் செய்கிற கடைசிக் காரியம், இதிலும் குறை வைப்பதா என்று ஒரே வார்த்தையில் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார். அழவும் இல்லை. அதுதான் சகுந்தலாவை உலுக்கியது.

போலீஸ் திருப்பிக் கொடுத்த சரத்தின் போன் சாமி அலமாரியில் இருந்தது. கண்ணாடி சிதறியிருந்தாலும் சகுந்தலா அதை தினமும் சார்ஜ் போட்டு வைத்தாள். ஒருநாள் முற்பகல் அது அடித்தது. எடுத்தாள். சரத் சாரா, ரிட்டர்ன் எடுக்க வேண்டும், மத்தியானம் வீட்டில் இருப்பீர்களா என்று தெலுங்கில் ஒரு குரல் கேட்டது. இருப்போம், வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

"வேணாம்னு சொல்லு சகுந்தலா," என்றார் சிவஞானம். "யாரு கேக்கப் போறாங்க?"

"குடுத்துடுன்னு சொல்லிட்டுப் போனான். அவன் சொன்ன கடைசி வேல அதான்."

சொன்னாளே தவிர, செய்ய முடியவில்லை. அறைக்குள் போய் அனுபமாவின் துப்பட்டாவை விலக்கிவிட்டு நீலப் படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தைய வாரத்தைவிடச் சற்றே இளகியிருந்தது. உள்ளே இருப்பது அவன் மூச்சு, அவன் வாயின் ஈரம். சாம்பலை ஆற்றில் கரைத்தாயிற்று. அவன் உடம்பிலிருந்து வந்தது என்று சொல்ல இந்த உலகத்தில் இது ஒன்றுதான் பாக்கி. மூடியில் கை வைத்தாள். துங்கநாதா, என்னிடமிருந்து எடுத்தது போதாதா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இதைத் திறக்கிற தைரியத்தை மட்டும் கொடு என்று கேட்டாள். அந்தத் தைரியம் வரவில்லை. கேட் திறக்கும் சத்தம்தான் வந்தது.

வந்தவன் பெயர் கோபி; நாற்பது வயதிருக்கும், முதுகில் பெரிய பை. சரத் சார் என்று ஆரம்பித்தவன், கூடத்தில் மாலை போட்ட படத்தையும் அதன் முன் எரிந்த விளக்கையும் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். செருப்பைப் படியிலேயே விட்டான். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், வேண்டாமென்றால் கேன்சல் செய்துவிடுகிறேன் அம்மா, எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்றான்.

"இல்லப்பா. அவன் குடுக்கச் சொன்னான்," என்றாள் அவள், தமிழிலேயே. அவனுக்கு அது புரிந்தது. "உள்ளதான் இருக்கு. கொஞ்சம் காத்து எடுக்கணும். நீயே திறந்துடு. என்னால முடியல."

கோபி அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். இது இல்லையே அம்மா என்றான். தெளிவாக இருக்க வேண்டும் என்று போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். படத்தில் இருந்தது மஞ்சள் ஸ்பாஞ்ச்.

சகுந்தலா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அனுபமா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சரத்துக்குத் தெரிந்திருக்கிறது. மஞ்சளில் அவள் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்ததும், நீலத்தில் நிஜமாகவே தூங்கிப் போய் வாயோரம் எச்சில் வழிய எழுந்ததும், ஏன் நீலம் வேண்டாம் என்றாள் என்பதும் எல்லாமே தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல், தினமும் மலையில் தான் ஊதிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டு, அம்மாவின் பொய்யைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

அவள் அழுது முடிக்கிற வரை கோபி நின்றான். அடுத்து அவன் போக வேண்டிய வீட்டிலிருந்து யாரோ போனில் அழைத்தார்கள், அதை அணைத்தான். அனுபமா மஞ்சள் ஸ்பாஞ்சை எடுத்து வந்தாள். அதை விரித்துப் பார்த்து, பழுதில்லை என்று போட்டால்தான் கம்பெனி எடுத்துக்கொள்ளும். தலைமாட்டில் சகுந்தலாவின் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. கோபி அதைப் பார்த்தான். கைக்குட்டையை எடுத்து, தண்ணீர் தொட்டு, பொறுமையாகத் துடைத்தான். கறை முழுக்கப் போகவில்லை. புதுசு மாதிரி இருக்கிறது அம்மா என்று சொல்லிவிட்டு மடித்துப் பையில் வைத்தான். உலகத்தில் பொய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த மாதிரிப் பொய் சொல்கிறவர்கள் இருக்கிற வரையில் கடவுள் இந்த ஊர்ப் பக்கம் வந்து போய்க்கொண்டுதான் இருப்பார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கேட்டைச் சாத்திக்கொண்டு போனான்.

கூடத்தில் சிவஞானம் பாயில் புரள முயன்று, பாதியில் நின்று, பல்லைக் கடித்தார்.

சகுந்தலா அவரைப் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய் நீலப் படுக்கையை இரண்டு கையாலும் தூக்கினாள். யார் மேல் படவும் விடாமல் காத்து வைத்திருந்ததை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து பாயின் பக்கத்தில் போட்டாள்.

"இதுல படுங்க."

"மெத்தைல படுக்கக் கூடாது சகுந்தலா."

"இது மெத்தை இல்லைங்க. நம்ம புள்ள மூச்சு."

அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். அமுக்கிப் பார்த்தார். அது திருப்பிக் கையைத் தள்ளிற்று. "கனம் பட்டா போயிடுமே," என்றார்.

"படுக்கத்தானே ஊதினான்."

அனுபமா ஒரு பக்கம் பிடிக்க, அவர் மெதுவாக ஏறி ஒருக்களித்துப் படுத்தார். படுக்கை அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் போட்டது. சகுந்தலா மண்டியிட்டு, அவர் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்தாள். எலும்பு தரையைத் தொடவில்லை. கை தாராளமாகப் போய் வந்தது. சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சிவஞானம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்க ஆரம்பித்தது. அவர் அழட்டும் என்று அவள் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

எந்தக் காற்றுப் படுக்கையும் கண்ணுக்குத் தெரியாமல் இளகும். கருமாதி முடிந்த மறுநாள் காலை அவள் கையை நுழைத்தபோது விரல் நசுங்கியது. அவர் இடுப்பு தரையில் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனம் வரவில்லை. பயந்தபடிதான் ஆயிற்று, போகிறது, இன்னும் கொஞ்ச நாளில் முழுதும் போய்விடும் என்று நினைத்தபோது சரத் சொன்ன அந்த நாக்கு நினைவுக்கு வந்தது.

பெரிய மூடியைத் தொடாமல், அதன் மேலிருந்த சின்ன மூடியை மட்டும் திறந்தாள். அதன் விளிம்பில் அவன் பல் பட்ட தடம் இருந்தது. குனிந்து, அவன் வாய் வைத்த இடத்தில் வாயை வைத்து ஊதினாள். முதல் மூச்சுக்கே தலை சுற்றியது. நிறுத்தி நிறுத்தி ஊதினாள், அவன் ஊதியது போலவே. உள்ளே இருந்ததில் ஒரு துளியும் வெளியே வரவில்லை. அவள் மூச்சு போய் அதோடு சேர்ந்துகொண்டது. சிவஞானத்தின் இடுப்பு மெல்ல மெல்லத் தரையை விட்டு எழும்பியது.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். என்ன செய்கிறாள் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"போதும் சகுந்தலா," என்றார். "கொஞ்சம் மிச்சம் வெச்சுக்க."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போயிருந்தார். அவள் மகனிடம் இதே வார்த்தையைச் சொன்னதை அவர் கேட்டிருக்க நியாயமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் இடுப்புக்குக் கீழே மறுபடி கையை நுழைத்தாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. குனிந்து ஊதினாள்.