இடி அண்ணன் மெதுவாகப் பேசியது

அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டு மிஷின் பக்கத்திலேயே காலம் தள்ளிய ஃபோர்மேனை எல்லோரும் இடி அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் மனைவியிடம் ரகசியம் சொன்னால் மாடிவீட்டுக்காரர் அதற்கு யோசனை சொல்வார்.

புது ஆட்களுக்கு, மிஷினில் எங்கே கை வைக்கலாம், எங்கே வைத்தால் கை திரும்பி வராது என்று காட்டும் வீடியோ ஒன்று வேண்டும் என்றார் மேனேஜர். பேச வேண்டியது இடி அண்ணன். ஆர்டர் கழுத்தை நெரித்ததால் மிஷினை நிறுத்த முடியாது. ஒலிப்பதிவு செய்ய அவருடைய மச்சினியே வந்தாள். அவளுக்கு அதுதான் தொழில்.

சட்டைக் காலரில் மைக்கைக் குத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "பேசுங்க மாமா."

"கையை உள்ள விடாதே!" என்றார் அவர்.

தூரத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் பதறிக் கையை எடுத்தார். மச்சினி ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"மைக் வாய்க்குக் கிட்டவே இருக்கு மாமா. மெதுவாப் பேசினாத்தான் சுத்தமா விழும். கத்தினா குரல் உடையுது."

"மெதுவாத்தானேம்மா பேசுறேன்!"

ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். அங்கே அவருக்குப் பேச்சே வரவில்லை. "ஒண்ணுமே கேக்கலையே, எந்தச் சத்தத்துக்கு மேல பேசறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திரும்ப மிஷினுக்கே வந்தார்கள்.

சுவரில் காதடைப்புப் பெட்டி தொங்கியது. எல்லோரையும் மாட்டச் சொல்லிக் கத்துகிறவர், தான் மட்டும் மாட்டியதில்லை. மச்சினி பஞ்சு மாதிரி மெத்தென்ற அடைப்பு இரண்டை எடுத்து உருட்டி அவர் காதுகளில் செருகினாள். பேசச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அவர் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தினார். தன் குரல் அண்டாவுக்குள் பேசுவதுபோல் மண்டைக்குள் முழங்கியது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தழைத்தார்.

"இந்தக் கத்தி சும்மா இருக்கிற மாதிரி தெரியும். நம்பிடாதே. கை இங்கயே இருக்கட்டும். அவசரப்படாதே, மிஷின் எங்கேயும் போகாது."

ஒரே தடவையில் முடிந்தது. இரைச்சல் பின்னால் ஒதுங்கி நிற்க, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்து மச்சினி அதை அக்காவுக்குப் போட்டுக் காட்டினாள்.

"யாருடி இது?"

"மாமாதான்."

அக்கா இன்னொரு தடவை போடச் சொன்னாள். "இந்த வேலைல சேர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் பேசுவார்," என்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

அன்று சாப்பாட்டுக்கு இடி அண்ணன் காதடைப்போடு உட்கார்ந்தார். "நீ சாப்பிட்டியா?" என்று மனைவியிடம் பூப்போலக் கேட்டார்.

"இன்னும் இல்லைங்க," என்றாள் அவளும் அதே மாதிரி.

"என்ன?"

"இன்னும் இல்லைங்க."

"என்னம்மா?"

"இன்னும் சாப்பிடலைன்னு சொல்றேன்!"

கடைசியில், வீட்டில் ஒரு காதை மட்டும் அடைத்துக்கொள்வது என்று முடிவானது. அவர் பாதிக் கத்தலில் கேட்கிறார், அவள் பாதிக் கத்தலில் பதில் சொல்கிறாள். குடும்பம் நடக்கிறது.